ஒத்தி வீடும் இரட்டைப் பூட்டும்

வாடகை என்று நம் கையால் ஒரு ரூபாயும் நாம் இதுவரை எவருக்கும் கொடுத்ததில்லை. குருமடத்தில் சேர்ந்த நாள் தொட்டு இன்றுவரை நம் தலைக்குமேல் எப்போதும் எவரோ கட்டிவைத்த கூரை இருந்தே வந்திருக்கிறது. மே மாதத்தில் மாற்றல் கடிதம் வரும். இரண்டு டிரங்குப் பெட்டிகளும் நான்கைந்து அட்டைப்பெட்டிப் புத்தகங்களும் கட்டப்படும். போய்ச்சேரும் ஊரில் கட்டிலும் மேசையும் மின்விசிறியும் காத்திருக்கும். முன்னவர் காலையில் புறப்படுவார், பின்னவர் மாலையில் வந்து சேருவார். இரண்டு வண்டிகளும் வழியில் எதிரெதிரே கடந்துபோன நாளும் உண்டு. வீடு மாறுதல் என்பது இவ்வளவுதான் என்று நாம் எண்ணியிருந்தோம். அவ்வறியாமைக்குரிய விலையை நாம் கொடுக்கவில்லை. கம்பத்தில் நாம் பணியாற்றிய காலத்தில், நம் சொல்லை நம்பிய ஒரு குடும்பம் கொடுத்தது. அதனை எழுதிவிடுவதே முறை என்று தோன்றுகிறது.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, அப்பால் மதுரை வரையிலும் 'வீடு ஒத்திக்குக் கிடைக்குமா?' என்று கேட்பதே நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். சென்னையில் இதனை 'லீசு' என்பர். முறை எளிது. வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். பின்னர் மாதவாடகை இல்லை. கொடுத்த பணத்துக்கு வட்டியும் இல்லை. தவணை முடிந்ததும் அதே தொகையை வாங்கிக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மாதந்தோறும் வாடகைக்கு மடியைத் தடவ வேண்டாம் என்பதால் கூலிக்காரரும் ஓட்டுநரும் சிறுவணிகரும் எப்பாடு பட்டேனும் ஒரு தொகையைத் திரட்டி ஒத்திக்குப் போய்விடுவர். திராட்சைக்குப் பந்தல் போடவும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும் வங்கி வாசலில் நில்லாமலே வீட்டுக்காரருக்கும் பணம் கிடைத்துவிடுகிறது.

இம்முறையில் ஒரே ஓர் இடர் உண்டு. வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. அது என்றோ செலவாகியிருக்கும். ஆகவே பழைய குடியிருப்பவருக்குக் கொடுக்கவேண்டிய பணம், புதிதாக வருபவரின் கையிலிருந்து வந்தாக வேண்டும். புதிதாக வருபவரோ தாம் விட்டுவரும் வீட்டில் தமக்குச் சேரவேண்டிய பணத்தை எதிர்பார்த்து நிற்பார். இப்படியே நான்கு வீடு, ஐந்து வீடு என்று சங்கிலி நீளும். ஒரே பணம் ஒரே நாளில் ஐந்து கைகள் மாற வேண்டும். நடுவில் ஒரு கை தாமதித்தால் மற்ற நால்வரும் தட்டுமுட்டுச் சாமான்களுடன் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நாம் குறிப்பிடும் குடும்பத்தின் தலைவர் ஜீப் ஓட்டுபவர். விடியுமுன் எழுந்து, ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில். மனைவி வீட்டிலிருந்தே தையல் தைப்பவர். இரண்டு பிள்ளைகள், மூத்தவள் 2023ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியவள். அவர்கள் 2019 ஜூன் முதல் 3,00,000 ரூபாய் ஒத்திக்கு ஒரு வீட்டில் குடியிருந்தனர். இரண்டாண்டுக்கு எழுதிக்கொண்ட தாள் 2021இல் காலாவதியாயிற்று. அப்போது கொரோனா முடக்கம். எவரும் வெளியே வர இயலாத நேரம். "அப்படியே இன்னும் இரண்டு வருசம் இருந்துக்கங்க" என்று வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்ன சொல்லே புதிய ஒப்பந்தமாயிற்று.

2023 மார்ச்சில் வீட்டுக்காரர் வந்து, திருப்பூரிலிருக்கும் மகன் பிள்ளைத்தாய்ச்சி மனைவியுடன் ஊர் திரும்புவதாகவும், மே 31ஆம் நாள் வீடு வேண்டும் என்றும் சொன்னார். நியாயமான தேவைதான். இவர்களும் அலைந்து திரிந்து, பள்ளிக்கு அருகில், அதே 3,00,000 ரூபாய்க்கு வேறொரு வீட்டைக் கண்டுபிடித்தனர். அது ஒரு முதிய ராவுத்தருடைய வீடு. அங்கே ஒத்திக்கிருந்த பள்ளி ஆசிரியை, உத்தமபாளையத்தில் சொந்த வீடு கட்டி முடித்துப் போகவிருந்தார். ராவுத்தர் கேட்டது இதுதான்: மே 1ஆம் நாள் 50,000 ரூபாய் முன்பணம், மீதி 2,50,000 ரூபாய் ஜூன் 1ஆம் நாள் காலையில், சாவி வாங்கும்போது. தவறினால் வேறு ஆளுக்கு வீடு.

கணவனும் மனைவியும் ஒரு மாலை பங்கு இல்லத்துக்கு வந்தனர். கையிலிருந்தது 25,000 ரூபாய். சீட்டுப் போட்டு எடுத்த பணம். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பதற்கென்று தனியே எடுத்து வைத்தது. மீதி 25,000 ரூபாய்க்கு நகையை அடகு வைக்கலாம். ஆனால் மகளின் பணத்தைத் தொடலாமா? அதைக் கேட்கத்தான் வந்திருந்தனர்.

நாம் நாட்காட்டியை எடுத்து விரித்தோம். மே 31 மாலை 3,00,000 ரூபாய் உங்கள் கைக்கு வரும். ஜூன் 1 காலை 2,50,000 ரூபாய் ராவுத்தர் கைக்குப் போகும். எஞ்சும் 50,000 ரூபாயில் நகையை மீட்டு, மகளின் 25,000 ரூபாயை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம். கல்லூரிக்குப் பணம் கட்ட ஜூன் பிறந்த பிறகுதானே சொல்லுவார்கள்? "தாராளமாகக் கொடுங்கள் அம்மா, ஒரு மாதப் புரட்டல்தானே" என்றோம். குருமடத்தில் ஒப்பந்தங்களைப் பற்றி இலத்தீனில் ஒரு பாடம் படித்திருந்தோம்: 'தோ ஊத் தேஸ்', அதாவது, நீ தரும்பொருட்டு நான் தருகிறேன். தருகிறவன் குறித்த நாளில் தராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பேராசிரியர் நடத்திய நாளில் நாம் உறங்கியிருக்க வேண்டும்.

அந்த நாட்காட்டிக் கணக்கில் நாம் பெருமைப்பட்ட பகுதி எதுவோ, அதுவே பிழை. இரண்டு தேதிகளும் ஒட்டியிருந்தன. ஒரு நாள் வீண் இல்லை. ஒரு ரூபாய் இரட்டைச் செலவு இல்லை. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்துக்கு இடம் விடாமல் சுவர் எழுப்பிய கொத்தனாரை ஒத்தவரானோம்.

பழைய வீட்டுக்காரரிடம் கையில் பணம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் இருந்தது; மே கடைசி வாரத்தில் அறுவடை; வியாபாரி தோட்டத்திலேயே எடைபோட்டுப் பணம் தந்துவிடுவார். கம்பத்தின் பன்னீர்த் திராட்சை 2023இல்தான் புவிசார் குறியீடு பெற்றிருந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம். இதைவிடப் பத்திரமான வரவு வேறென்ன இருக்க முடியும்?

யானை வந்தது.

வாசகர்கள் இதனை உவமை என்று கொள்ள வேண்டா. கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் 2023 ஏப்ரல் இறுதியில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் காட்டு யானை, மே 27ஆம் நாள் மலையிறங்கிக் கம்பம் நகருக்குள்ளேயே நுழைந்துவிட்டது. தெருவில் ஓடிய மக்களையும், மோதித் தள்ளப்பட்ட ஆட்டோவையும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. நகரில் 144 தடையுத்தரவு போடப்பட்டது. ஊரைவிட்டு அகன்ற யானை சுருளி, இராயப்பன்பட்டிப் பக்கத்து மலையடிவாரங்களில் திரிந்தது. ஜூன் 5 விடியற்காலையில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோகும் வரையில் அடிவாரத் தோட்டங்களுக்குப் போக எவருக்கும் துணிவில்லை. போகவேண்டாமென்று அறிவிப்பும் இருந்தது. பழுத்த திராட்சை கொடியிலேயே தொங்கிற்று. பழுத்த திராட்சை யாருக்காகவும் காத்திராது. இடையில் பெய்த மழையில் பழம் வெடித்தது. வியாபாரி வந்தபோது பாதி விலை பேசினார்; அதனையும் பின்னர்த் தருவதாகச் சொல்லிப் போனார்.

மே 31 மாலையில் பழைய வீட்டுக்காரர் வந்தார், வெறுங்கையுடன் வந்தார். ஏமாற்ற நினைத்தவரல்லர், குரல் உடைந்துதான் பேசினார். மகனும் மருமகளும் அன்று காலையே திருப்பூரிலிருந்து வந்து, வாசல் திண்ணையில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தனர். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே போகச் சொல்வது?

நாமும் உபதேசியாரும் அன்றிரவு ராவுத்தரைப் பார்க்கப் போனோம். "பணம் வரும்வரை பழைய வீட்டிலேயே அவர்கள் இருக்கட்டும், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கவே போனோம். அவர் நாற்காலி போடச் சொல்லி, தேநீர் வரவழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஃபாதர், எனக்கு அவசரமில்ல. ஆனா டீச்சரம்மா பணம் மூணு லட்சம் எங்கிட்ட நிக்குது. அவங்க கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் நாளைக்குத் தர்றேன்னு சொல்லி வச்சிருக்காங்க. நான் பொறுக்கலாம், அவங்க எப்படிப் பொறுப்பாங்க?" அப்போதுதான் சங்கிலியின் மறுமுனையில் வேறொருவர் கழுத்து இருப்பது நமக்குத் தெரிந்தது.

நள்ளிரவு வரை பேசி வந்த முடிவு விசித்திரமானது. ஆசிரியை ஜூன் 1ஆம் நாள் தம் புதுவீட்டுக்குப் போவார். ஆனால் ராவுத்தர் வீட்டின் பின்னறையில் ஒரு பீரோவை வைத்துத் தம் பூட்டைப் போட்டுக்கொள்வார். நம் ஜீப்காரர் குடும்பம் அவ்வீட்டின் மற்ற அறைகளில் மாதம் 6,000 ரூபாய் வாடகை என்ற கணக்கில் குடியேறும். பழைய வீட்டில் அவர்களும் ஓர் அறையில் தையல் இயந்திரத்தையும் பாத்திர மூட்டைகளையும் வைத்துத் தம் பூட்டைப் போட்டுக்கொள்வர். மற்ற அறைகளில் மகனும் மருமகளும் குடிபுகுவர். பணம் கைக்கு வரும்வரை பூட்டை எடுப்பதில்லை. இரண்டு வீடு, இரண்டு பூட்டு. கம்பத்தில் இது புதிதன்று. ஒத்திப்பணம் நிலுவையிலிருக்கையில் ஓர் அறையையாவது பூட்டி வைத்துக்கொள் என்று மூத்தோர் சொல்வதுண்டு. சட்டம் அறியாதவர்கள் சொன்னதாயினும் சட்டத்துக்கு ஒத்ததே: பணம் திரும்பும்வரை வீட்டின் அனுபவம், பணம் கொடுத்தவரைச் சேர்ந்தது. கையிலிருந்து வீடு முழுவதும் போய்விட்டால், எஞ்சுவது வெறும் கடன்.

சாமான் ஏற்றவேண்டிய வண்டியை ஊரில் 'குட்டியானை' என்பர். பெரிய யானை அடிவாரத்தில் உலவிய நேரத்தில், இருட்டுமுன் வீடு திரும்பவேண்டும் என்று குட்டியானைக்காரர் அடம்பிடித்ததில், பாதிச் சாமான்களே முதல் நாள் போய்ச் சேர்ந்தன. அத்தனை கவலையிலும் அந்தப் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

திராட்சைப் பணம் ஜூன் 28ஆம் நாள்தான் வந்தது. அதுவும் வீட்டுக்காரர் வேறிடத்தில் பாதி கடன் வாங்கிச் சேர்த்தது. மறுநாள் பக்ரீத் பண்டிகை. பணம் அன்று முற்பகல் பழைய வீட்டில் எண்ணப்பட்டு, நண்பகலில் ராவுத்தர் வீட்டில் எண்ணப்பட்டு, மாலையில் உத்தமபாளையத்தில் ஆசிரியை கையில் எண்ணப்பட்டது. இரண்டு பூட்டுகளும் ஒரே நாளில் திறந்தன. மறுநாள் ராவுத்தர் வீட்டிலிருந்து ஒரு பெரிய தூக்குவாளியில் பிரியாணி வந்தது.

நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். ஜூன் 1 முதல் 28 வரை, நாளொன்றுக்கு 200 ரூபாயாக, 28 நாளுக்கு 5,600 ரூபாய் வாடகையை ஜீப்காரர் ராவுத்தரிடம் கொடுத்தார். ராவுத்தர் அதை எண்ணிப் பார்த்துத் தம் மடியில் வைக்கவில்லை. அப்படியே ஆசிரியைக்குக் கொடுத்தனுப்பினார். "அவங்க பணம் எங்கிட்ட இருந்த வரைக்கும் வீடு அவங்களுது. வாடகையும் அவங்களுதுதான்" என்றார். எவ்வளவு நேரான நியாயம்! ஆனால் அதே நியாயத்தை ஒரு படி மேலே ஏற்றிப் பார்க்க நமக்குத் தோன்றாமற்போயிற்று. ராவுத்தர் வீட்டின் 28 நாள் பயன் ஆசிரியைக்கு உரியதென்றால், பழைய வீட்டின் 28 நாள் பயன் ஜீப்காரருக்கு அல்லவா உரியது? அவருடைய 3,00,000 ரூபாயைத் திருப்பாமல் மகனைக் குடிவைத்த வீட்டுக்காரர், அந்த 28 நாளுக்கும் வாடகை தந்திருக்க வேண்டும். தந்திருந்தால், அதை ஜீப்காரர் ராவுத்தருக்கும், ராவுத்தர் ஆசிரியைக்கும் கொடுத்திருப்பார். தாமதத்தின் செலவு தாமதித்தவர் தலையில் விழுந்திருக்கும். எவரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்ல வேண்டியவர் நாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைக் கண்டு இரங்கிய நாம், அந்த இரக்கத்தின் செலவை வேறொருவர் பையிலிருந்து கொடுத்துவிட்டோம். போதாக்குறைக்கு, வெள்ளையடிக்கும் செலவென்று 4,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்காரர் கணக்கை முடித்தார்.

அக்குடும்பத்தலைவி தையல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைப் பின்னொருநாள் பார்த்தோம். வாடகை 5,600, நகை வட்டி, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வீதம் இரண்டு மாதத்துக்கு 1,000, தரகு 3,000, வண்டியும் சுமைகூலியும் இரண்டு தடவைக்கு 2,700, வெள்ளையடிப்பு 4,000. ஆக 16,300 ரூபாய். இவற்றுள் எவ்வாறாயினும் வந்திருக்கக்கூடிய செலவைக் கழித்து, தாமதத்தால் மட்டும் வந்தது எவ்வளவு என்று பார்த்தோம்: வாடகை 5,600, ஒரு மாத வட்டி 500, இரண்டாம் தடவை வண்டி 900, 7,000 ரூபாய். ஒரு யானையின் நடைக்கு அது பெரிய தொகை அன்று எனலாம்.

ஆனால் அந்த நோட்டில் எழுதப்படாத செலவு ஒன்றுண்டு. மகளுக்கு வேறோர் ஊரில் செவிலியர் பட்டயப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஜூன் 10ஆம் நாளுக்குள் 25,000 ரூபாய் கட்ட வேண்டும். பணம் ராவுத்தர் வீட்டு முன்பணத்துக்குள் இருந்தது. அந்த நாள் வந்து, போயிற்று. நமக்கு அது தெரியவந்தபோது ஜூன் 14. கோபமாகவே கேட்டோம்: "நம்மிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" தாயார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க சொல்லித்தான் அந்தப் பணத்தை எடுத்தோம் சாமி. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு இருந்துட்டோம்." அப்பெண் அவ்வாண்டு உத்தமபாளையத்திலேயே கலைக்கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தாள்.

இதற்குப் பின்னர்தான் நாம் இவ்விஷயத்தைப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் சிலவற்றைச் சொல்லுதல் தகும்.

ஒத்தி என்பது சட்டத்தின் பார்வையில் வாடகை அன்று; அடைமானம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதனை அனுபவ அடைமானம் என்னும் வகையில் வைக்கிறது. அச்சட்டப்படி 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடைமானம், குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். நம் ஊர்களில் மூன்று இலட்சமும் ஐந்து இலட்சமும் கைமாறுகின்றன. முத்திரைத்தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்துவிடுகின்றனர். பதிவுச் செலவுக்கு அஞ்சியே அவ்வாறு செய்கின்றனர். பதிவான ஒத்தி வில்லங்கச் சான்றில் தெரியும். வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் நம் பணம் அவ்வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். பதிவாகாத தாளை வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தேன் என்று வழக்காடலாம். வீட்டின்மேல் உரிமை கொண்டாடுதல் கடினம். பணம் கொடுக்குமுன் வில்லங்கச் சான்று ஒன்றைப் போட்டுப் பார்த்தால், அவ்வீடு ஏற்கெனவே வங்கியில் அடைமானமாகப் பதிவாகியிருப்பின் அதுவும் வெளிப்படும்.

மாதவாடகைக்காரர் நிலை வேறு. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றும், வீட்டைக் காலிசெய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக அதனைத் திருப்பித் தரவேண்டும் என்றும் கூறுகிறது. நல்ல சட்டந்தான். ஆயினும் கூர்ந்து நோக்குக: பழைய வீட்டுக்காரருக்குச் சட்டம் ஒரு மாதம் தருகிறது; புதிய வீட்டுக்காரரோ சாவி கொடுக்குமுன்னரே முன்பணம் கேட்பார். ஆகவே எல்லாரும் யோக்கியராக நடந்துகொண்டாலும் ஒரு மாத காலம் இரண்டு முன்பணங்கள் வெளியே நிற்கும். இதற்குரிய பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை வீடு தேடுமுன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசவேண்டும். வீடு பார்த்துப் பிடித்தபின் பேசுவதில் பயனில்லை.

நாள் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. மேற்சொன்ன 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு குத்தகை இன்ன தேதி முதல் என்று எழுதப்பட்டால், அந்தத் தொடக்க நாள் கணக்கில் சேராது. ஜூன் 1 முதல் ஓராண்டு என்று எழுதினால், மறு ஆண்டு ஜூன் 1 முடியும்வரை அது நடக்கும் என்றாகிறது. மே 31 என்று நாம் எண்ணியிருப்போம். ஒரு நாள்தானே என்னலாம். தேதியை ஒட்டவைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு நாளே பெரிது. 'இன்ன நாள் மாலை ஆறு மணிக்குச் சாவி' என்று எழுதிவிட்டால் இந்த வழக்கே எழாது.

இந்த ஒத்தி நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம். கொரியாவில் பல இலட்சம் குடும்பங்கள் இவ்வாறே வாழ்கின்றனவாம். 'ஜொன்செ' என்பது அதன் பெயர்: மொத்தத் தொகை, மாதவாடகை இல்லை, முடிவில் பணம் வாபஸ். அங்கும் பழையவருக்குப் புதியவரின் பணமே போகிறது. 2022இல் வீட்டு விலையும் ஒத்தித் தொகையும் சரிந்தபோது, புதியவர்கள் குறைவாகவே கொடுத்தனர். வீட்டுக்காரர்களால் பழையவர்களுக்குத் திருப்ப இயலவில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே ஏமாற்றியவர்களும் அகப்பட்டனர். இஞ்சியோன் நகரில் பணமிழந்த இளைஞர் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2023இல் அந்நாடு தனிச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. இன்னொரு வேடிக்கை: வீடு மாறத் தீமையில்லாத நாள் என்று அங்கேயும் நாள் பார்க்கின்றனர், அந்நாள்களில் வண்டிக்கூலி ஏறிவிடுமாம்.

நாள் பார்ப்பதைப் பற்றிப் பேசினால் நம்மவர் மேல் குறை சொன்னதாகும். ஆயினும் சொல்கிறோம். ஆடியில் வீடு மாறலாகாது, மார்கழியில் மாறலாகாது என்பதை நம் பங்கு மக்களும் பெரும்பாலும் விடவில்லை. ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. பள்ளி ஜூனில் திறக்கிறது. ஆகவே ஊர் முழுவதும் மே, ஜூன், ஜூலைப் பாதி என்னும் இரண்டரை மாதத்துக்குள் வீடு மாறியாக வேண்டும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிந்து, ஜூலை 1இல் மாநிலமே மொத்தமாக வீடு மாறுகிறது. முன்னர் மே 1ஆக இருந்ததைப் பிள்ளைகளின் படிப்பு நடுவில் கெடாதிருக்க 1970களில் தள்ளிவைத்தனர். எல்லாரும் ஒரே நாளில் மாறினால் தரகும் வண்டியும் கூலியும் ஏறும் என்பதோடு, ஒருவர் தவறினால் அடுத்தவருக்கு ஒதுங்க இடமும் இராது. ஆடியில் மாறத் துணிந்த ஒரு குடும்பம் நம் பங்கில் இருந்தது. அவர்களுக்குக் குறைந்த தொகையில் வீடு கிடைத்தது. வெள்ளையடிப்புக்கும் எவரும் பணம் கேட்கவில்லை. ஊர் முணுமுணுத்தது உண்மை.

இப்போது எவரேனும் நாட்காட்டியுடன் வந்தால் நாம் முதலில் கேட்பது: 'இரண்டு வீடும் உங்கள் கையில் இருக்கப்போகும் நாள் எத்தனை?' ஒன்றுமில்லை என்றால் போய்ப் பேசிவிட்டு வரச் சொல்கிறோம். 6,000 ரூபாய் வாடகை வீட்டில் ஏழு நாள் என்பது 1,400 ரூபாய். அதைச் செலவு என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். அந்த ஏழு நாளில் புது வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கலாம். சாமானை அவசரமின்றி ஏற்றலாம். பணம் ஒரு நாள் பிந்தினாலும் தெருவில் நிற்கவேண்டா. புது வீட்டுக்காரர் முழுமாத வாடகை கேட்டாலும், குடிவந்த நாள் தொட்டு நாட்கணக்கில் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், பலர் இசைகின்றனர். மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. நாம் போவதும் வருவதும் அதன் நடுவில்தான் நிகழும். முதல் 100 யூனிட் இலவசம் போக, பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுவதால், முன்னிருந்தவர் குளிர்சாதனம் ஓட்டிய பில் பின்வந்தவர் தலையில் இறங்கிவிடும். சாவி மாறும் நாளில் இரண்டு வீட்டு மீட்டர்களையும் கைப்பேசியில் படமெடுத்து, இரு சாராரும் அந்த எண்ணை எழுதி ஒப்பமிட்டால் முடிந்தது.

மற்றபடி, பிள்ளையின் படிப்புக்கென்று எடுத்து வைத்த பணத்தைக் கடந்துபோகும் பாலமாகப் பயன்படுத்தச் சொல்லும் துணிவு நமக்கு இனி இல்லை.

சென்ற கோடையில் ஓர் இளம் தம்பதியர் ஒத்திப் பத்திரம் எழுத உதவி கேட்டு வந்தனர். நம் கையெழுத்து எவருக்கும் புரியாது. படித்தவர் எவரேனும் உண்டா என்று உபதேசியாரைப் பார்க்கச் சொன்னோம். அவர் அழைத்துவந்தது அந்த ஜீப்காரரின் மகளை. அவள் மேசையில் உட்கார்ந்து, நாம் சொல்லச் சொல்ல எழுதினாள்: ஒத்திப்பணம் முழுதும் திரும்பிவரும் நாள்வரை வீட்டின் அனுபவம் பணம் கொடுத்தவருக்கே உரியது. அதன்பின் நாம் நிறுத்தினோம். அவள் நிறுத்தவில்லை, தானாகவே ஒரு வரியைச் சேர்த்தாள்: அதற்கு முன்னர் உரிமையாளர் வீட்டைப் பயன்படுத்தினால் நாளொன்றுக்கு இவ்வளவு வாடகை கொடுக்கக் கடமைப்பட்டவர். தொகைக்கு இடம் விட்டு நிமிர்ந்து, "எவ்வளவுன்னு போடலாம் சாமி?" என்று கேட்டாள். "இருநூறு என்று போடு" என்றோம். போட்டாள். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.